இறங்கும் எண்

கல்மேடையில் அசையாமல் திருகாணியால் இறுக்கி வைத்திருந்த பெட்டி, தான் இறங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

ரலித்சா திரையை மறுபடி பார்த்தாள். விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர், நேர் கீழே. ப்லோவ்திவ் நகரில் விமானக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தின் நிலவறை அது. லாரி ஓடும் அதிர்வுகூட எட்டாது. சனிக்கிழமை நண்பகல். மேலே காவலாளி பெஞ்சோவைத் தவிர யாருமில்லை. செயற்கைக்கோள் உதவியில்லாமல் விமானம் தன் இடத்தைத் தானே கணக்கிடுவதற்கான பெட்டி. திங்களன்று இரண்டு விமானிகள் இதை நம்பி மூடுபனிக்குள் போவார்கள்.

மின்விசிறியின் ரீங்காரத்துக்கும், சூடேறிய பிசின் மணத்துக்கும், காலையில் கடித்துவைத்த பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தின் ஆறிய வெண்ணெய் வாடைக்கும் நடுவே அவள் வெப்பத்தால் வரும் பிழையைக் கழித்தாள், பூமியின் சுழற்சியைக் கழித்தாள், உணரிகளின் சின்னஞ்சிறு சாய்வைக்கூடக் கழித்தாள். எண்ணின் நடுக்கம் நின்றது. இறக்கம் நிற்கவில்லை. பிழை என்றால் நேரம் ஆக ஆகப் பெருகும். இது லிஃப்ட்போல ஒரே சீராக இறங்கியது.

தொலைபேசியை எடுத்தாள்.

“பெஞ்சோ மாமா, மேல ஏதாச்சும் வேலை நடக்குதா? தரை அதிருதா?”

“என் வயிறுதாம்மா அதிருது, பசில. ஒத்தையில அந்தக் குழிக்குள்ள என்னத்த நோண்டுற? மேல வா, சூப் இருக்கு.”

“பத்து நிமிஷத்துல வர்றேன்.”

“என்னது? சத்தமாப் பேசு தாயி. எங்கயோ தூரத்துலருந்து பேசுற மாதிரி இருக்கு.”

பிறகு இரைச்சல் மட்டும்.

அவள் மாற்றுப் பெட்டியை முடுக்கினாள். பூஜ்யம். அசைவே இல்லை. மூச்சு வந்தது. உடனே நின்றது. ஏற்கெனவே சீராக நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் கண் விழித்த பெட்டி, தான் நிற்பதாகவே நம்பும். முதல் பெட்டி காலையிலிருந்து விழித்திருந்தது. அதன் பதிவைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒன்பது ஆறுக்கு ஒரு மெல்லிய குலுக்கல். அதன்பின் இறக்கம். இதுவரை ஆயிரத்து நூறு மீட்டர்.

காது அடைத்தது. எச்சில் விழுங்கினாள். மறுபடி அடைத்தது.

சுவரைத் தொட்டாள். டிசம்பர் மாதம். சுவர் சுட்டது.

ஓடினாள். இருபத்திரண்டு படிகள். இரும்புக் கதவு. தாழ்ப்பாளை இழுத்தாள்.

வராந்தா இல்லை.

ஒரு கை தூரத்தில் பாறை. கருப்பு. ஈரம். ஓசையில்லாமல் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதில் ஐந்து விரல்களின் புதுக் கீறல், வாசல்படிக்குக் கீழேயிருந்து வந்து தலைக்குமேல் போனது. அறுபடாமல். போய்க்கொண்டே இருந்தது.