ஆட்டம் முடிந்து வருபவர்

ராஜ வீதிகளெல்லாம் முடிந்து செம்மண் வெளி தொடங்குகிற இடத்தில், கடைசி வீடாக நின்றது ஆத்மநாதன் வாடகைக்கு இருந்த வீடு. காரை பெயர்ந்த பழைய வீடு. வயிரவன் அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல்லூரி மைதானத்திலிருந்து நேரே வந்திருந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாரின் மனைவி சொர்ணவல்லி அக்கா பார்க்க வேண்டும் என்கிறாள் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஆத்மநாதன் கல்லூரியில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். மதராசில் படித்து வந்தவர். கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத புதுக்கோட்டையில் இரண்டு கம்பங்களை நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட்டத்தைத் தொடங்கியவர். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளையான வயிரவனும், அன்னவாசலில் ஏர் ஓட்டுகிறவர் மகனான நாகராசுவும் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கப் பழகியது அந்த மைதானத்தில்தான். ஆட்டம் முழுக்க அவர் மைதானத்தின் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். யாருக்காவது குறி தப்பினால் திட்ட மாட்டார். சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, இரண்டு விரலால் முழங்கையை மெல்ல மேலே தூக்கிவிடுவார். அடுத்த பந்து வளையத்துக்குள் விழும்.

ஆவணியில் ஊரில் வாந்திபேதி கண்டிருந்தது. திருச்சிப் போட்டிக்குப் புறப்பட்ட அன்று காலையில், வயிறு சரியில்லை என்று அவர் ஸ்டேஷனோடு நின்றுகொண்டார். ரயில் நகர்ந்தபோது கையசைத்தார். மறுநாள் கேடயத்தோடு வந்து இறங்கியவர்களை எதிர்கொள்ள யாரும் வரவில்லை. பேதியில் போன உடம்பை வைத்திருக்கக் கூடாது என்று அதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள்.

நாகராசு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதான். வயிரவனுக்கு அழுகை வரவில்லை. கருமாதி அன்றும் வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை. யாராவது பேசினால் உதடு அசைவது தெரிந்தது. சொல் உள்ளே இறங்கவில்லை.

கருமாதி கழிந்ததும் எல்லோரும் மைதானத்துக்குத் திரும்பினார்கள். தொடர்ந்து ஆடுவதுதான் சாருக்குச் செய்கிற மரியாதை என்று நாகராசு சொன்னான். அன்று மாலை, வயிரவன் பந்தைத் தூக்கிக் குறி பார்த்தபோது, முழங்கையின் அடியில் இரண்டு விரல்கள் பட்டன.

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

பந்து வளையத்துக்குள் விழுந்தது.

மறுநாள் நாகராசுவும் பந்தைப் போட்ட கையோடு சட்டென்று திரும்பிப் பார்த்தான். பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வயிரவனுக்குப் பயமும் வரவில்லை. மரத்துப் போன உடம்பில் அந்த ஓரிடம் மட்டும் உயிரோடு இருந்தது. அதற்காகவே அவன் தினமும் போனான்.

இன்று சார் வீட்டில் அவனை உட்காரச் சொன்னவர் சொர்ணவல்லியின் அண்ணன் சிவசாமி. தங்கைக்கு ஏழு மாதம் என்றும், கந்தர்வக்கோட்டைக்கு அழைத்துப் போக வந்து நாளாகிறது என்றும், அவள் கிளம்ப மறுக்கிறாள் என்றும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். சொர்ணவல்லி உள்கதவின் பின்னால் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"தெனமும் வெளையாடுறீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"நேத்து?"

"நேத்து மழை. வெளையாடல."

"நேத்து அவுக வரல."

பிறகு அவள் எல்லாவற்றையும் ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள். விளக்கேற்றுகிற நேரத்தில் கொல்லைப்படியில் பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்குமாம். பிறகு கிணற்றடியில் கால் கழுவுகிற சத்தம். பிறகு அடுக்களை வாசலில் யாரோ வந்து நிற்பது தெரியுமாம். ஆட்டம் முடிந்து வந்து அவர் தண்ணீர் கேட்கிற இடம் அது. அவள் சொம்பில் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் குறையாது. ஆனால் அவர் போகிற வரைக்கும் அவளால் உட்கார முடியாது. அதன்பின் ஒரு பிடி சோறும் இறங்காது. ஊருக்கும் போக மனம் வரவில்லை. அவர் வருகிறபோது வீட்டில் ஆள் இல்லாவிட்டால்? வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்துகொண்டே வருகிறது என்று மருத்துவச்சி மூக்காயி சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு வெளையாடிட்டா வந்தீங்க?"

வயிரவன் பதில் சொல்வதற்குள் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது.

டப். டப்.

கல்லில் மண்ணைத் தட்டி உதறுகிற சத்தம்.

சிவசாமி கண்ணை மூடிக்கொண்டார். வயிரவன் எழுந்து கொல்லைக்குப் போனான். அங்கே யாரும் இல்லை. படியில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. காற்றில் சுளுக்குத் தைல வாடை. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கணுக்காலில் சார் தேய்த்துவிடுகிற தைலம் அது.

அவன் திரும்பி வந்தபோது சொர்ணவல்லி சொன்னாள்.

"நிறுத்திருங்க தம்பி. அவுகளப் பாத்து நான் பயப்படல. வயித்துல இருக்கறது பயப்படுது."

அவன் சரி என்று தலையாட்டினான். மற்றவர்களிடம் சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை. மைதானம் சும்மா கிடந்தது. வீட்டில் சத்தம் நின்றது. சொர்ணவல்லி சாப்பிடத் தொடங்கினாள், ஊருக்குப் போகவும் சம்மதித்துவிட்டாள் என்று சிவசாமி சொல்லியனுப்பினார்.

ஆனால் வயிரவனுக்கு உயிரோடு இருந்த அந்த ஓரிடமும் செத்துப் போயிற்று. காலையில் எழுவான், வகுப்பில் உட்காருவான், படுப்பான். சொர்ணவல்லியும் அண்ணனும் ஊருக்குப் புறப்பட இருந்ததற்கு முந்தின நாள் மாலை, ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனான். பந்தைத் தூக்கினான்.

விரல்கள் வந்தன.

ஒரு தடவையோடு அவனால் நிறுத்த முடியவில்லை. வளையம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற வரை போட்டுக்கொண்டே இருந்தான். அதன் பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஓடினான்.

வாசலில் சிவசாமி அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தார். சொர்ணவல்லி அடுக்களை வாசலில் விழுந்துவிட்டாள். கையில் பிடித்த சொம்பை விடவில்லை. மூக்காயியும் அவரும் அவளைத் தூக்கி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளை அசையவில்லை.

"வெளையாண்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு இன்னும் போகல. அங்கிட்டுத்தான் நிக்கிறாக."

வயிரவன் விளக்கு வாங்காமல் உள்ளே நடந்தான். அடுக்களைக்குப் போகிற நடை இருட்டாக இருந்தது. கொட்டிய தண்ணீர் காலில் பட்டது. தைல வாடை மூச்சை அடைத்தது. அவசர அவசரமாக எரித்தார்கள். செத்துப் போனீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. சொல்ல வேண்டியவன் தான்தான் என்றும் தோன்றியது.

"சார்."

இருட்டில் எதுவும் அசையவில்லை.

"சார், நீங்க எறந்துட்டீங்க. ஆவணியில. நாங்க திருச்சியில இருந்தோம். பாக்கக்கூட முடியல."

 பிறகு முழங்கையின் அடியில் இரண்டு விரல்கள் வந்து தாங்கின. குளிர்ச்சியாக இருந்தன. காதுக்கு மிக அருகில், பழகின குரல்.

"தெரியும்டா."

விரல்கள் அப்படியே இருந்தன.

"நீதான் கூப்பிடுறே."

 இந்த விரல்களை விட்டால் தன்னிடம் வேறு எதுவும் மிஞ்சாது என்று தெரிந்தது. அறைக்குள் சொர்ணவல்லி முனகினாள்.

"இனிமே கூப்பிடல சார்" என்றான்.

விரல்கள் விலகின. கொட்டிய தண்ணீரில் யாரோ கால் வைத்துக் கடந்து போகிற சத்தம் கேட்டது. கொல்லைக்கதவு திறந்தது. வெளிக்காற்று வந்து தைல வாடையை அள்ளிக்கொண்டு போயிற்று. வயிரவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். சற்றுக் கழித்து அறைக்குள்ளிருந்து மூக்காயியின் குரல் வந்தது.

"புள்ள அசையிது."

அப்போதும் அவனுக்கு அழுகை வரவில்லை.

உடம்பு தேறியதும் சொர்ணவல்லியைக் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டுக் கந்தர்வக்கோட்டைக்கு அழைத்துப் போனார் சிவசாமி. கார்த்திகையில் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று, ஏதோ வேலையாகப் புதுக்கோட்டைக்கு வந்தபோது அவரே விடுதிக்கு வந்து சொன்னார். அங்கே எந்தச் சத்தமும் இல்லை என்றும் சொன்னார். வயிரவன் கேட்டுக்கொண்டான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் அடைமழை. கூடைப்பந்து மைதானத்துக்கு யாரும் போகவில்லை. மார்கழியில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம், வயிரவன் பெட்டியோடு அந்த வழியாகப் போனான். முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் இருந்த தடமே தெரியவில்லை. கம்பத்தின் அடியிலும் புல் ஏறியிருந்தது.

மைதானத்தின் ஒரு பக்கவாட்டில் மட்டும் புல் இல்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, செம்மண் வழவழவென்று இறுகிக் கிடந்தது. ஆடுகிறவர்களைப் பார்த்தபடி ஓரமாக நடந்து நடந்து தேய்ந்த தடம். கோடியில், நடக்கிறவர் திரும்ப வேண்டிய இடத்தில், மண் புதிதாகப் பெயர்ந்திருந்தது.

வயிரவன் அந்தத் தடத்தின் மேல் நின்றான். கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

காற்று இல்லை. தடத்தின் இரு பக்கமும் புல் அசையாமல் நின்றது. எதிர்க் கோடியில் மட்டும் ஓரத்துப் புல் நுனிகள் மெல்ல ஒதுங்கி, மறுபடி நிமிர்ந்தன. பிறகு இன்னும் சற்று இப்பால். பிறகு இன்னும் இப்பால்.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கி நின்று, வழி விட்டான்.