மணிமேகலையின் வானிலைப் பட்டியல்

பகடை ஈரமாக இருந்தது. கலையரசன் அதைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பகடைக்கு ஈரம் எங்கிருந்து வரும் என்று ஒரு நொடி யோசித்தான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த மூன்றாவது மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வந்துகொண்டிருந்தது. கை வியர்வையாக இருக்கும் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். தனக்குத் தோதான பதிலைச் சட்டென்று கண்டுபிடிப்பதில் அவன் கெட்டிக்காரன்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இரண்டு பேர். ஒருவன் அனீஸ், பத்து வருடத்து நண்பன். இன்னொருத்தி விஜயராணி, மணிமேகலையின் தங்கை. மணிமேகலை செத்து, வருகிற ஆடியோடு இரண்டு வருடம்.

அவர்கள் விளையாடுவது கதை ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டராக உட்கார்ந்து கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். கலையரசன்தான் எப்போதும் கேம் மாஸ்டர். அவன் முன்னால் மட்டும் ஒரு மறைப்பு அட்டை நிற்கும். அதற்குப் பின்னால் அவன் உருட்டுவது அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஆட்டத்துக்கு வானிலையைக் கொண்டுவந்தவள் மணிமேகலை. ஜீயபுரத்து வாழைக்கொல்லையில் வளர்ந்தவள். மழை என்றால் கதைக்கு அழகாகக் கொஞ்சம் தூவிவிடுகிற சமாசாரம் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு நோட்டில் ஆறு படிகள் எழுதினாள். வெயில், மூட்டம், காற்று, தூறல், அடைமழை, ஆற்றில் தண்ணீர். கதையில் ஒவ்வொரு நாள் விடியும்போதும் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்று, இரண்டு விழுந்தால் ஒரு படி கீழே. மூன்று, நான்கு என்றால் நேற்றுப் போலவே. ஐந்து, ஆறு என்றால் ஒரு படி மேலே. எந்த வானிலையும் குதித்து வராது, நடந்துதான் வரும் என்பாள். கலையரசன் கதைக்காகப் பகடையை மாற்றிச் சொல்வது அவளுக்குத் தெரியும். "மத்ததெல்லாம் உங்க கதை, என்னவோ பண்ணிக்கோங்க. வானிலைய மட்டும் மாத்தாதீங்க. அது உங்களுது இல்ல" என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

இன்று அந்த நோட்டோடுதான் விஜயராணி வந்திருந்தாள்.

"அக்கா இடத்துல ஒரு தடவ உக்காந்து விளையாடணும், அண்ணா. அவ எழுதினத வெச்சு" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனியும் தட்டிக்கழித்தால் சந்தேகம் வரும். அவனுக்கு அது ஒன்றுதான் பயம்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோருடைய போனும் துணிப்பைக்குள் போய், பை கேம் மாஸ்டர் காலடியில் இருக்க வேண்டும். அது அவர்கள் மேசையின் வழக்கம். விஜயராணி போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே சற்று நேரம் வைத்திருந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் வாங்கி வெச்சீங்களா?"

"எப்பவுமே இப்படித்தாம்மா."

அவள் போட்டுவிட்டாள். அவன் மறைப்பு அட்டையைச் சரிசெய்துகொண்டு கதையைத் தொடங்கினான். வறண்ட ஆறு, அக்கரையில் ஒரு கோட்டை, கடக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். முதல் நாள் வெயில். இரண்டாம் நாள் விடிகிறது.

உருட்டினான். ஐந்து.

மூட்டம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இவள் முன்னால் அது அந்தப் பக்கம் போக வேண்டாம். "வெயில்" என்றான்.

சொன்ன மாத்திரத்தில் அறை மங்கியது. ஜன்னலுக்கு வெளியே கொள்ளிடத்து மணல் கண்ணைப் பறிக்கும்படி காய்ந்துகொண்டிருந்தது. அனீஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்னா வெக்கடா மச்சான்" என்று சட்டைப் பொத்தானைத் திறந்தான். கலையரசனின் கையும் காகிதமும் மறைப்பு அட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனையும் மட்டும் ஆடி மாதத்துச் சாயங்காலம் போலச் சாம்பல் நிறமாகிக் கிடந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டான். போகவில்லை.

மூன்றாம் நாள். ஆறு விழுந்தது.

"வெயில்."

பின்கழுத்தில் காற்று பட்டது. ஃபேன் காற்று இல்லை. தரையோடு தவழ்ந்து வந்து பாதத்தைத் தடவி, முதுகேறி, காதுக்குள் மெல்ல ஊதுகிற காற்று. அதில் நனைந்த மணலும் அழுகிய வாழைமட்டையும் மணத்தன. நோட்டின் தாள்கள் அசையாமல் கிடந்தன. அவன் தலைமுடி மட்டும் பறந்தது.

"அண்ணா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள் விஜயராணி.

"ஒண்ணுமில்லம்மா. மேல சொல்லு, நீ என்ன பண்ற?"

"மணல்ல நடுவுல போய் வழி பாக்குறேன். எங்க அக்கா மாதிரியே."

நான்காம் நாள். ஐந்து. வெயில் என்று சொல்லி முடிப்பதற்குள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. விறைத்துப்போகும் குளிர்ச்சி. அவன் விட்டத்தைப் பார்த்தான். வெள்ளையடித்த கூரை, உலர்ந்த கூரை. ஐந்தாம் நாளைச் சொல்லாமலே தாண்டிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கை தானாகப் பகடையை எடுத்து உருட்டிவிட்டது.

ஆறு.

"வெயில்தான்" என்றான்.

அடைமழை அவன் ஒருவன் தலையில் கொட்டியது. எதிரில் இருந்தவர்களின் முகம் நீர்த்தாரைகளுக்குப் பின்னால் கலங்கியது. அனீஸ் வாயசைப்பது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. அந்த இரைச்சலை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். மணிமேகலை செத்த அன்று. அன்று மழை இல்லை, சுள்ளென்ற வெயில்தான். ஆட்டத்தை நிஜ ஆற்று மணலிலேயே நடத்தலாம் என்று அவன்தான் எல்லோரையும் அழைத்துப் போனான். ஆறு மாதமாகச் சொல்லிவந்த கதைக்கு அன்று முடிவு. மணிமேகலை வழி பார்ப்பவளாக நடு ஆற்றில், தூரத்தில் நின்றாள். அவன் தோளில் மாட்டியிருந்த பைக்குள் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. ஒன்றை எடுத்துத் திறந்து படித்தான். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று செய்தி. பத்தே நிமிடம், கதை முடிந்துவிடும், சொல்லிக்கொள்ளலாம் என்று பையை மூடினான்.

மூன்று நாள் கழித்துப் பல மைல் கீழே நாணல் புதரில் கிடைத்தாள். சாவு வீட்டில் அவன் அழுத அழுகையைப் பார்த்து அவளுடைய அப்பா அவனைக் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து வாழைத்தார் வருகிறது. அந்த ஒரு செய்தியைப் பார்த்தது வெளியே தெரிந்தால் அவனுக்கு முகம் இல்லை, நண்பன் இல்லை, ஒருவேளை வேலையும் இல்லை.

ஆறாம் நாள். கை எடுத்தது. உருட்டியது.

ஆறு.

அவன் வாயைத் திறக்கவேயில்லை. தண்ணீர் வந்தது. மேசைக்கு அடியிலிருந்து, செம்மண் நிறத்தில், நுரையோடு. கணுக்கால். முழங்கால். நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். கால்கள் மணலில் புதைந்திருந்தன. இடுப்பு. நெஞ்சு. கழுத்து.

அங்கே நின்றது.

இரைச்சல் அடங்கியது. விஜயராணியின் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது.

"கலை அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க அக்கா போனு உங்க பையிலதான இருந்துச்சு. அதுக்குத் தண்ணி மெசேஜ் வந்திருக்கு, நான் பாத்துட்டேன். யாரோ அத அப்பவே தொறந்து படிச்சிருக்காங்க. நீங்களா?"

அனீஸ் மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான்.

தண்ணீர் மோவாயைத் தொட்டுக்கொண்டு, ஆடாமல் அசங்காமல் காத்திருந்தது. ஆமாம் என்று ஒரு சொல். சொன்னால் இது வடிந்துவிடும். அது அவனுக்குத் தன் பெயரைப் போல நிச்சயமாகத் தெரிந்தது. வடிந்த பிறகு இந்த இரண்டு முகங்களும் தன்னைப் பார்க்கப் போகிற பார்வையும் தெரிந்தது.

"இல்லம்மா" என்றான். "பை மூடியே இருந்துச்சு."

தலைக்குமேல் ஏறியது.

மூக்கில் மணல். வாயில் மணல். கத்தினான். குமிழிகள். ஆமாம், நான்தான், நான்தான் படித்தேன் என்று இப்போது கத்தினான். மூச்சு முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது. நெஞ்சு வெடிக்க வேண்டிய நொடி வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. சாவு வரவில்லை.

அண்ணாந்து பார்த்தான். கலங்கலுக்கு மேலே வெயில். மேசை. அனீஸ். விஜயராணி. எதிரே, காய்ந்த சட்டையோடு, நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

மேலே இருந்தவன் நிதானமாகப் பகடையை உருட்டினான். கேம் மாஸ்டருக்கே உரிய அந்த இதமான குரலில் பேசினான்.

"ஏழாம் நாள். நல்ல வெயில். ஆறு காஞ்சு கெடக்கு."

விஜயராணி அழுதுகொண்டிருந்தாள். அனீஸ் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

கீழே, மணலுக்குள்ளிருந்து ஊறிச் சுருங்கிய விரல்கள் வந்து கலையரசனின் கணுக்காலைச் சுற்றின. பிறகு முழங்காலை. பிறகு தோளை. ஈரக்கூந்தல் ஒன்று அவன் கன்னத்தில் படர்ந்தது. மணிமேகலை அவன் பக்கத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்வதுபோல், நிம்மதியாக அமர்ந்துகொண்டு, கண் இருந்த இடத்தால் மேலே தன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.