வலது பக்கக் கதவு

"எங்க மாமனார் திருடர் இல்லைங்க. அதை நீங்க நிரூபிக்கணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள."

நாற்காலியைக் காட்டும் முன்பே வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். இந்த அறைக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டுதான் வருவார்கள். அதனால் பட்டாசு எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீரோடு தயாராக நிற்பான். இவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரை அவனே குடித்துவிட்டான்.

பட்டாசு என்பது ஊர் வைத்த பெயர். நாற்பது வயதாகியும் அவன் திரியைக் கண்டாலே வெடிக்கிற ரகம். அவனுடைய அக்காவுக்கு அதே ஊர் வைத்த பெயர் நிதானம். எரியாத கடையை எரிந்துவிட்டதாகச் சொல்லிக் காப்பீடு கேட்டவர்களை வரிசையாகப் பிடித்துக் கொடுத்தவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ஒரே வயிற்றில் பிறந்தது இரண்டும் இப்படியா என்று அவர்களுடைய அம்மா கடைசிவரை வியந்துகொண்டே இருந்தாள்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றாள் நிதானம்.

அவள் சொன்னாள். அவளுடைய மாமனார் ஒரு புத்தகக் கடையில் பைண்டர். நாடகம், சினிமா பற்றிய புத்தகங்களை மட்டுமே விற்கும், பதிப்பிக்கும் கடை அது. மேடை அமைப்பு, ஒப்பனை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எதைக் கேட்டாலும் அங்கே கிடைக்கும். 'மேடைத் தந்திரம்' என்ற மிகப் பழைய கையேடு ஒன்றை மறுபதிப்பு போடுவதற்காக, ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். மேடையில் மழை, தீ, வெள்ளம் எல்லாம் எப்படி வரவழைப்பது என்று சொல்லும் புத்தகம். உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிரதிதான். நேற்று மத்தியானம் அது காணாமல் போய்விட்டது.

"கரண்ட் போன நேரத்துல யாரோ எடுத்துட்டுப் போனாங்களாம். வலது பக்கக் கதவு வழியா போனதை ஒருத்தர் பார்த்தாராம். வலது பக்கம் பைண்டிங் அறை. உள்ளே இருந்தது எங்க மாமா மட்டும்தான். புத்தகம் குடுத்தவர் இன்னிக்குச் சாயங்காலம் வர்றார். அதுக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸ்ல சொல்லப் போறாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"நான் எடுக்கலைன்னு ஒரு தடவை சொன்னார். அப்புறம் வாயே திறக்கல, சாப்பிடவும் இல்ல. கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி திருடன்னு கத்திட்டு, முன்பக்கமா போகாதே, பின்பக்கமா போன்னு அனுப்பினாங்களாம். முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷனை!" அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கப்புறம் நான் படிக்கணும்னு சொன்னப்ப வீட்ல எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. என் பாடப் புத்தகத்துக்கெல்லாம் உக்காந்து அட்டை போட்டுக் குடுத்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் பேசமாட்டேங்கறார், அதனால நான் பேசறேன்."

நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டாள். பட்டாசு ஏற்கெனவே தெருவில் நின்றான்.

கடை, தெருவிலிருந்து உள்ளே நீண்டு போகும் ஒரே கூடம். ஒரு சுவர் முழுக்க நாடகம், எதிர்ச் சுவர் முழுக்க சினிமா. பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் போல இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன. கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமேடை இருந்தது. எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்காகப் போட்டது. அதன் எதிரே சில நாற்காலிகள், பின்சுவரில் இரண்டு கதவுகள். வாசலிலிருந்து போகிறவர்களுக்கு வலது பக்கம் இருப்பது பைண்டிங் அறை, இடது பக்கம் இருப்பது எழுத்தாளர்கள் உட்கார்ந்து திருத்தம் பார்க்கும் அறை.

முதலாளியம்மா தூங்காத முகத்தோடு நின்றார்.

"மேடை மேல இருந்த மேஜையிலதான் பார்சல் இருந்துச்சு. உறையைக்கூட நான் பிரிக்கல. குடுத்தவர் எதிர்லதான் பிரிக்கணும்னு பேச்சு. கரண்ட் போச்சு, மெழுகுவத்தி எடுக்க வாசப்பக்கம் போனேன். திரும்பி வந்தா மேஜை காலி. நாற்காலியில நாடக வாத்தியார் உக்காந்திருந்தார், புத்தகம் வாங்க வந்தவர். 'ஒரு ஆள் கக்கத்துல எதையோ இடுக்கிக்கிட்டு வலது பக்கக் கதவுக்குள்ள போனான், இருட்டுல முதுகுதான் தெரிஞ்சுது'ன்னார். ஒத்திகைக்கு நேரமாச்சுன்னு உடனே கிளம்பிட்டார். பைண்டிங் அறையைத் தலைகீழா கவுத்துப் பார்த்துட்டேன். பின்வாசல் வழியா யார்கிட்டயோ குடுத்துட்டார் போல."

"இடது பக்க அறையைப் பார்த்தீங்களா?"

"அதை எதுக்குப் பார்க்கணும்? அங்கே பேராசிரியர் இருந்தார்."

தன்னைப் பற்றிய பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் வந்தார். சினிமா வரலாறு எழுதுகிறவர். கயிறு போட்டுக் கட்டிய ஒரு தலையணை அளவு காகிதக் கட்டைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"என்னோட நூல். முதல் அத்தியாயமே எங்க தாத்தாதான்," என்றார் கேட்காமலேயே. "கண்ணாடியில கீறல் போட்டு, பின்னால விளக்கு வெச்சு, திரையில முதன்முதலா மழை பெய்ய வெச்சவர் அவர்."

"நேத்து காலையில அச்சுக்குத் தர்றேன்னார்," என்று முதலாளியம்மா அலுத்துக்கொண்டார். "இன்னிக்குக் கேட்டா, இன்னொரு தடவை பார்க்கணுமாம். எட்டு மாசமா இதே பாட்டு. நானே மூணாவது அத்தியாயத்துக்கு மேல போக முடியாம திணறுறேன், இவர் எத்தனை தடவைதான் படிப்பாரோ!"

"நேத்து அந்த நேரத்துல ஏதாவது சத்தம் கேட்டுச்சா சார்?" என்று நிதானம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல. வாத்தியார் வலதுன்னு சொன்னப்பதான் வெளியே வந்தேன். 'அது பைண்டிங் அறையாச்சே'ன்னு நானே அதிர்ந்துபோய்ச் சொன்னேன். பாவம், வயசான மனுஷன். அதுலயும் எதை எடுத்திருக்கார் பாருங்க! பூச்சி அரிச்ச காகிதம். நடுவுல நாலு பக்கம் ஒட்டிக்கிட்டு வேற கிடக்கு. அதைப் போய் பொக்கிஷம்னு..."

பட்டாசு பைண்டிங் அறைக்குள் பாய்ந்து, பசை வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கில் பசையோடு திரும்பினான். நிதானம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நாற்காலி வரிசையில் நின்று இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாத்தியார் எங்கே இருப்பார்?" என்றாள்.

பக்கத்துத் தெரு மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார் வாத்தியார். பட்டாசு அவருக்குப் பின்னால் போய் நின்றான்.

"ராணி! வலது பக்கமா வெளியே போம்மா! அழுதுக்கிட்டே போ, யாரு உன்னைத் துரத்துறா?"

ராணி வேஷக்காரி அழுதுகொண்டே நேராக இடது பக்கமாக வெளியேறினாள். இப்போது திட்டு விழும் என்று பட்டாசு காத்திருந்தான்.

"பிரமாதம்!" என்றார் வாத்தியார்.

பட்டாசுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அக்காவின் காதில் குசுகுசுத்தான். "பார்த்தியா? வலதுன்னு சொன்னார், அவ இடது பக்கம் போறா, இவருக்கு அதுகூடத் தெரியல. மனுஷனுக்குக் கண்ணு அவ்வளவுதான். இவர் சாட்சியே செல்லாது!"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள் நிதானம். வாத்தியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நேத்து கடையில நீங்க எப்படி உக்காந்திருந்தீங்க?"

"இதோ இப்படித்தான், மேடையைப் பார்த்தபடி. வலது பக்கக் கதவுதான்மா, எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்வேன்."

"கோர்ட் வேண்டாம், கடைக்கு வந்தா போதும்." நிதானம் கூடவே வந்திருந்த மருமகள் பக்கம் திரும்பினாள். "உன் மாமனாரைக் கூட்டிட்டு வா."

"வரமாட்டார்."

நிதானம் அவளையே பார்த்தாள்.

"கூட்டிட்டு வர்றேன்," என்றாள் அவள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கடையில் கூடிவிட்டார்கள். மருமகள் என்ன சொன்னாளோ, பைண்டர் வந்திருந்தார். ஒடிசலான மனிதர். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார். பட்டாசு அவரைப் பார்த்ததும், பசை வாளிக்குள் தலையை விட்டதற்காக முதல் முறையாக வெட்கப்பட்டான். பேராசிரியர் காகிதக் கட்டோடு ஓரமாக நின்றார்.

"வாத்தியாரய்யா, நேத்து உக்காந்த இடத்துலயே உக்காருங்க. அந்த ஆள் நுழைஞ்ச கதவைக் கை நீட்டிக் காட்டுங்க," என்றாள் நிதானம்.

வாத்தியார் உட்கார்ந்தார். வலது பக்கக் கதவு என்று கணீரென்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

அவர் கை இடது பக்க அறையைக் காட்டியது.

முதலாளியம்மாதான் முதலில் பேசினார். "ஐயா, அது இடது பக்கம்!"

"யாருக்கு இடது?" வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடையில நம்மைப் பார்த்து நிக்கிறவனுக்கு எது வலதோ அதுதான் வலது. நடிக்கிறவன் பக்கத்தைத்தான் நாங்க சொல்லுவோம். பார்க்கிறவன் பக்கத்தைச் சொன்னா ராஜாவும் ராணியும் முட்டிக்கிட்டுச் சாக வேண்டியதுதான்! மேடை இருக்கிற இடத்துல வேற எப்படிச் சொல்றது?"

ராணி அழுதுகொண்டே இடது பக்கம் போனது பட்டாசுக்கு நினைவு வந்தது. அவனுக்குக் காது சூடானது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா அவனைப் பார்த்து எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

"வாத்தியார் பார்த்ததும் உண்மை, சொன்னதும் உண்மை," என்றாள் நிதானம். "கேட்டவங்கதான் தங்கள் பக்கத்துலேருந்து கேட்டுட்டாங்க. இடது பக்க அறையில இருந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"இது என்ன அபாண்டம்! அந்தப் புத்தகத்தை நான் கண்ணால கூடப் பார்த்ததில்ல!" என்றார் பேராசிரியர்.

"அப்படியா? நடுவுல நாலு பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு காலையில சொன்னீங்களே. அம்மா, உங்களுக்கு அது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பார்சலைப் பிரிக்கவே இல்லையே," என்ற முதலாளியம்மாவின் குரல் பாதியில் தேய்ந்தது.

"பிரிக்காத பார்சலுக்குள்ள எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு, பிரிச்சுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நேத்து காலையில அச்சுக்குப் போக இருந்த கட்டு இன்னிக்கு ஏன் போகல? வெச்ச கையை எடுக்காம ஏன் கட்டிப் பிடிச்சிருக்கீங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம் சார், ஆனா நாலு பேர் சாப்பிடாத சோறா இருக்கணும். மூணாவது அத்தியாயத்துக்கு மேல யாரும் போகமாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். தம்பி, அந்தக் கயித்தை அவிழ்."

பட்டாசு அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. பேராசிரியரே கட்டை மேடைமேல் வைத்து முடிச்சைப் பிரித்தார். பாதிக் காகிதங்களைத் தள்ளியதும், நடுவே சின்னதாக, நிறம் வெளுத்த அட்டையோடு 'மேடைத் தந்திரம்' கிடந்தது.

"பார்த்துட்டு வெச்சிடலாம்னுதான் எடுத்தேன்," என்றார். குரலில் பேராசிரியர் தோரணை போய்விட்டிருந்தது. "அதுல மழைக்கு ஒரு விளக்கப் படம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். இருந்துச்சு. கண்ணாடி, கீறல், பின்னால விளக்கு. எங்க தாத்தா பிறக்கிறதுக்கு முன்னாடியே போட்ட படம். சின்ன வயசுல அவரோட அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்திருக்கேன். அது வேற யாரோடதோன்னு எப்படி எழுதுவேன்? திருப்பி வைக்கிறதுக்குள்ள சத்தம் போட்டுட்டாங்க."

"மேடையில பெய்ஞ்ச மழையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்னு எழுதியிருக்கலாம். அதுவும் பெரிய பேர்தான்," என்றாள் நிதானம். பட்டாசு அவள் குரலில் சூட்டைக் கேட்டது அன்றுதான். "தாத்தா மேல பாசத்துல எடுத்தீங்க, சரி. ஆனா வாத்தியார் வலதுன்னதும், 'அது பைண்டிங் அறையாச்சே'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அது பாசம் இல்ல. நீங்க எந்தக் கதவுல நுழைஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

பேராசிரியர் குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

முதலாளியம்மா பைண்டரிடம் போனார். "தப்பு பண்ணிட்டேன்..." என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றாள் மருமகள். "திருடன்னு சொன்னப்ப கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவா வருது?"

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. ஆனாலும் மனுஷி நிமிர்ந்து, வாசலில் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். "நான்தான் தப்பு பண்ணினேன். இவர் எதையும் எடுக்கல. என்னை மன்னிச்சிடுங்க ஐயா. நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. வலது பக்கக் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்."

பைண்டர் தலையை நிமிர்த்தினார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வலதும் இருக்கட்டும், இடதும் இருக்கட்டும்மா. முப்பது வருஷமா நான் முன்கதவு வழியா வந்து, முன்கதவு வழியா போனவன். நேத்து ஒரு நாள்தான் பின்பக்கமா போனேன்."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நாடகச் சுவருக்கும் சினிமாச் சுவருக்கும் நடுவே, அவரே பைண்டு செய்த புத்தகங்கள் இரண்டு பக்கமும் நிற்க, அவசரமில்லாமல் நடந்தார். வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். முதலாளியம்மா ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தன் கையால் திறந்து பிடித்துக்கொண்டார்.

மருமகள் வாசற்படி இறங்கும்வரை தாங்கினாள். தெருவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். பட்டாசு பரபரத்துத் தன் கைகளைப் பார்த்தான். இந்த நேரம் பார்த்து அவனிடம் தண்ணீர் இல்லை.

"அழாதேம்மா," என்றார் மாமனார். "பசிக்குது. வா, வீட்டுக்குப் போலாம்."