மூச்சுநிரலின் பூட்டு

காலையில் எழுந்ததும் காற்றை நாக்கில் தொட்டுப் பார்ப்பது புதுக்கொற்கையில் பல் துலக்குவதைப் போன்ற வழக்கம். சீரிஸ் என்னும் குறுங்கோளின் பாறைக்கு அடியில் குடைந்த ஊர் அது. வெளியே காற்றே கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் எந்திரம் கலந்து தருவது. அதனால் உணவுக்கூடத்தில் மக்கள் இட்லியைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் குறை சொல்வார்கள்.

"மங்கையக்கா, வடக்குத் தெருவுல இரும்பு வாடை அடிக்குது."

"எங்க பக்கம் ஈரம் கூடிப்போச்சு. துணி காயவே மாட்டேங்குது."

மங்கையற்கரசி சாப்பிட்டபடியே தலையாட்டுவாள். பிறகு கைகழுவிக்கொண்டு, காற்றை ஆளும் கணிப்பொறியான பெருங்கணி இருக்கும் அறைக்குப் போய் மூச்சுநிரலைத் திறப்பாள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு காற்று, அதில் எது எவ்வளவு என்று பெருங்கணிக்குச் சொல்லும் கட்டளைகளின் தொகுப்புதான் மூச்சுநிரல். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். மங்கை ஒரு வரியை மாற்றுவாள். வடக்குத் தெருவில் வாடை போய்விடும். மாற்றிய வரியை ஒளிக்கற்றையில் மற்றக் குடியேற்றங்களுக்கும் அனுப்பிவைப்பாள். வெஸ்டா சிறுகோளில் இருந்த சேந்தனிடமிருந்து, இரண்டு ஈடு இட்லி வேகும் நேரத்துக்குள் பதில் வரும்: "நல்லாருக்கு மங்கை. ஆனா நடுவுல ஒரு வரி வெட்டியா நிக்குது. தூக்கிட்டேன், பாருங்க."

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

பெருங்கணியை வாடகைக்குத் தந்தது பூமியிலிருந்த ஒரு நிறுவனம். எந்திரத்துக்குத்தான் விலை. யானை வாங்கினால் மணி சும்மா என்பதுபோல, நிரல் கூடவே வந்தது.

ஒரு முறை சரக்குக் கப்பலில் நிறுவனத்தின் பிரதிநிதி ஜெயசீலன் வந்து இறங்கினான். இனி எந்திரம் தனி, நிரல் தனி, இரண்டுக்கும் தனித்தனி விலை என்று மரியாதையாகச் சொன்னான். மங்கைக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"இத்தனை வருஷமா சும்மா குடுத்தீங்களே, இப்ப என்ன ஆச்சு?"

"மத்தவங்க எங்க நிரலை எடுத்து, வேற கம்பெனியோட மலிவான எந்திரத்துல ஓட்டுறாங்க மேடம். போதாததுக்கு, ரெண்டையும் சேர்த்துக் கட்டி விக்கிறதே தப்புன்னு பூமியில வழக்கு வேற."

"அதுல பாதி நாங்க எழுதினதாச்சே?"

"இருக்கலாம். எந்தப் பாதின்னு காட்டுங்களேன்."

மங்கை யோசித்துப் பார்த்தாள். காட்ட முடியவில்லை. எழுதியவர்கள் யாரும் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கவில்லை. அதற்குத் தேவை வரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அடுத்து வந்த பதிப்பு, பழையதை அழித்துவிட்டு, பூட்டியே வந்தது. ஓட்டலாம், உள்ளே பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால், முதலில் ஊருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எல்லாத் தெருவிலும் ஒரே சீரான காற்று. காலையில் நாக்கை நீட்டும் பழக்கமே மறைந்துபோனது. மங்கை உணவுக்கூடத்தில் தனியாக, நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த நிம்மதி அவளுக்கு ருசிக்கவில்லை.

பிறகு குழந்தைகள் காப்பகத்திலிருந்து பூரணி ஓடிவந்தாள்.

"அக்கா, பிள்ளைங்க தூங்கிக்கிட்டே இருக்குதுங்க. இமையாவை எழுப்பினேன், கண்ணையே திறக்கல!"

மருத்துவர் முகமூடியில் உயிர்வளி கொடுத்து இமையாவை எழுப்பினார். மங்கை காப்பகத்துக் காற்றை அளந்தாள். மூச்சில் வெளியேறும் கரிவளி தேங்கியிருந்தது. ஒரே அறையில் பலர் தூங்கும்போது மூச்சுநிரல் எங்கோ தவறாகக் கணக்கிடுகிறது. எங்கே என்று பார்க்க வழியில்லை. குழந்தைகளை உணவுக்கூடத்துக்கு மாற்றிவிட்டு நிறுவனத்துக்கு எழுதினாள். "உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது. உங்கள் மூச்சு எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"இங்கயும் அதே கதைதான்," என்றது வெஸ்டாவிலிருந்து வந்த சேந்தனின் குரல். "பிள்ளைங்களைச் சுழல்முறையில எழுப்பிக்கிட்டு இருக்கோம். மங்கை, நாமளே முதல்லேருந்து எழுதினா என்ன?"

எழுதினார்கள். தூங்குபவர்களின் மூச்சைக் கணக்கிடும் பகுதி, எல்லாவற்றிலும் கடினமானது, சேந்தனுடையது. அதை எழுதி முடித்ததும், மங்கை கேட்காமலே அனுப்பிவிட்டான். அவள் தன் பகுதிகளோடு அதைக் கோத்தாள். ஊர் முழுவதும் முகமூடி அணிந்து உட்கார்ந்திருக்க, பழைய நிரலை நிறுத்திப் புதியதை ஓடவிட்டாள். காப்பகத்தில் முகமூடியைக் கழற்றிய குழந்தைகள் தூங்கவில்லை. ஊஞ்சலுக்குச் சண்டை போட்டன. பூரணி அந்தச் சண்டையை விலக்காமல் பார்த்துக்கொண்டே அழுதாள்.

சேதி பரவியது. எல்லாக் குடியேற்றங்களும் புது நிரலைக் கேட்டன. மங்கை அனுப்பப் போன நேரத்தில் ஊர்த்தலைவர் திருவேங்கடம் சபையைக் கூட்டினார்.

"ஏம்மா, இவ்வளவு பாடுபட்டு எழுதிட்டு, சும்மாவா தூக்கிக் குடுக்கிறது?"

"தலைவரே, பூட்டி வச்சதாலதானே இமையா..."

"அது அவங்க பூட்டு. இது நம்ம பூட்டு. தப்பு வந்தா பார்க்க நீ இருக்கியே!"

"இதுல பாதி சேந்தன் எழுதினது."

"சரி, வெஸ்டாவுக்கு விலையைக் குறைச்சுக் குடுத்துடலாம்."

சபை கைதட்டியது. நிரலைப் பயன்படுத்துவோருக்கான நிபந்தனைகளை யாரும் புதிதாக எழுதவில்லை. நிறுவனம் அனுப்பியிருந்ததையே எடுத்து, பெயரை மட்டும் மாற்றினார்கள். அது ஊரார் ஒவ்வொருவரின் மணிக்கட்டுத் திரையிலும் நீண்டு ஓடியது. அடியில் 'சம்மதம்' என்ற பொத்தான். விருந்துக்குச் சர்க்கரைப் பொங்கல் தயாராக இருந்தது. எல்லோரும் அமுக்கினார்கள். எழுதியவளுக்கு இதெல்லாம் எங்கே பொருந்தப்போகிறது என்ற நினைப்பில் மங்கையும் அமுக்கினாள்.

வழியில் யாரும் நகலெடுக்காதபடி, பூட்டிய நிரல் ஒளிக்கற்றையில் அல்லாமல் கப்பலில் போவதாக ஏற்பாடு. மறுநாள் காலை, கப்பல் கிளம்புவதற்குள் சேந்தனின் பகுதிக்கு மேல் அவன் பெயரையாவது எழுதிவிட வேண்டும் என்று பெருங்கணியின் முன் உட்கார்ந்தாள். நிரல் திறக்கவில்லை. 'இதைத் திறக்கும் உரிமையைத் தாங்கள் நேற்று மாலை விட்டுக்கொடுத்துள்ளீர்கள்' என்றது திரை.

திருவேங்கடத்திடம் ஓடினாள். "தலைவரே, நிபந்தனையைப் படிச்சீங்களா?"

"அதை யாரும்மா படிப்பா? ஏன், நீ படிச்சியா?"

கப்பல் கிளம்பியது. மங்கையால் முடிந்தது ஒன்றுதான். வெஸ்டாவுக்கு ஒளிக்கற்றையில் அவசரமாக ஒரு வரி அனுப்பினாள்: "சேந்தன், படிக்காம சம்மதம் குடுக்காதீங்க."

சேந்தன் அதைக் கேட்டான், சிரித்துக்கொண்டான். கப்பல் வந்ததும் சொன்னபடியே படிக்கவும் தொடங்கினான். மூன்றாவது பத்திக்கு வந்தபோது காப்பகத்திலிருந்து ஒரு தாய் கத்தினாள்: "இன்னும் என்னய்யா பண்றே? சீக்கிரம் போடு!"

அவன் விரலால் மிச்சத்தை மேலே தள்ளினான். 'இந்நிரலின் எந்த வரியும் என்னுடையது அல்ல என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியும் அந்த வேகத்தில் ஓடி மறைந்தது. அடியில் ஒளிர்ந்த பொத்தானைச் சேந்தன் அமுக்கினான்.