கசப்பு போதவில்லை

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவனைப் பார்த்து ஒருத்தி இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? ஆனால் தப்பு அவன் பேரில்தான். மழை வலுப்பதற்குள் ஓடிவிடலாம் என்று காபிக் கடையிலிருந்து பாய்ந்தவன், வாசலில் குடை விரித்துக்கொண்டிருந்தவள் மேல் போய் மோதினான். இரண்டு பேருடைய காபிப் பொட்டலங்களும் படியில் விழுந்தன.

"தெரியுதுங்க… இப்பதான் தெரியுது," என்று உளறினான்.

அவள் கண்களைப் பார்த்துவிட்டிருந்தான். பெரிய கண்கள்… அழுது முடித்து, துடைத்துக்கொண்டு வெளியே வந்தவை போல ஓரம் சிவந்த கண்கள். தூக்கம் போதாத கண் என்றது தொழில் புத்தி. மனசு வேறு என்னவோ சொன்னது. அதைக் கேட்பதற்குள் அவள் ஒரு பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போயே போய்விட்டாள்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் பொடி அவனுடையது இல்லை. சல்லடையை அமுக்கிக் காபி வடிக்கிற கண்ணாடிக் கூஜாவான பிரெஞ்ச் பிரஸுக்காக உப்புக்கல் பருமனில் அரைக்கச் சொல்லியிருந்தான். இது முகப்பவுடர் மாதிரி நைஸாக இருந்தது, கருகல் வாசனை வேறு. மறுநாள் கடைக்குப் போனால், அவளும் பொட்டலத்தோடு நிற்கிறாள்.

"உங்க பொடியப் போட்டா சல்லடைய அமுக்கவே முடியலங்க. பொங்கி வந்து, சட்டையே பாழ்," என்றான்.

"உங்க பொடியிலயும் போட்டுப் பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு." புகார் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நல்லா இருந்தா சந்தோஷம்தானேங்க?"

"எனக்கு நல்லா இருக்க வேண்டாம். கசக்கணும்."

சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். அவள் கணவன் பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவன். தினமும் காலையில் அவளுக்கு பிரெஞ்ச் பிரஸில் காபி போட்டு வைத்தவன், போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதன்பின் அதே கடை, அதே கண்ணாடிக் கூஜா… ஆனால் அந்த அடிநாக்குக் கசப்பு மட்டும் வரவே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். ஊரார் தப்பையெல்லாம் பிடிக்கிறவளுக்குத் தன் காபியில் என்ன தப்பு என்று பிடிபடவில்லை. இன்னும் நைஸாக, இன்னும் கருக்கி என்று பொடியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் வேணா வந்து பாக்கட்டுமா? எனக்கு இதுல கொஞ்சம் பைத்தியம்," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். முன்னறையில் அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவன் கூஜாவை வெந்நீரால் அலசினான், கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றினான், மேலே மிதந்த நுரையைக் கரண்டியால் கலைத்தான், சல்லடையை மெதுவாக அமுக்கினான். அமுக்கிய கையோடு எல்லாவற்றையும் கோப்பைகளில் ஊற்றிவிட்டான்.

"பிரமாதம்," என்றாள் அவள். அடுத்த நொடியே, "இது இல்ல," என்றாள்.

"அவர் எப்படிங்க போடுவாரு?"

"நான் பாத்ததே இல்லீங்க. விடியறதுக்குள்ள பேக்கரிக்குப் போயிடுவாரு. நான் எழுந்து வரும்போது கூஜா மேஜையில இருக்கும். ஆறிடக் கூடாதுன்னு துண்டு சுத்தி வச்சிருப்பாரு."

அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அமுக்கினாலும் பொடி அடியில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். உடனே ஊற்றாவிட்டால் கசப்பு இறங்கிக்கொண்டே போகும். சூடு ஆறக் கூடாது என்று அந்த மனுஷன் பொத்திப் பொத்தி வைத்ததுதான் அந்தக் கசப்பு.

சொல்ல வாயைத் திறந்தான். அவள் கன்னத்தில் கை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, இனி இந்த வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது?

"பொடிய மாத்திப் பாப்போம். அடுத்த ஞாயிறு வரேன்," என்றான், பாவி.

வாராவாரம் வந்தான். வேறு கொட்டை, வேறு பருமன், வேறு தண்ணீர். "இந்தக் கண்ணாடிக்காரத் தம்பி புண்ணியத்துல எனக்குத் தூக்கம் போச்சு," என்று மாமியார் அங்கலாய்த்தாள். தோற்ற காபியையெல்லாம் குடித்துத் தீர்ப்பது மாமியார் தலையில்தான் விழுந்தது. மருமகள் சிரிக்கக்கூடத் தொடங்கினாள். அந்தச் சிரிப்புக்காக அவன் பொய்யை நீட்டிக்கொண்டே போனான்.

ஒரு ஞாயிறு, கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை.

"அவர் குரல் மறந்துபோச்சுங்க… எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. நாக்காவது ஞாபகம் வச்சிருக்கும்னு பாத்தேன். அதுவும் போயிடும்போல."

அவன் எழுந்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்தான். புதிதாகக் காபி போட்டு, அமுக்கி, ஊற்றாமல், கூஜாவைச் சுற்றித் துண்டைக் கட்டினான்.

"அப்படியே இருக்கட்டும். காத்திருக்கணும்."

அவள் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டது. டிவியில் ஏதோ தொடர் முடிந்து வேறொன்று தொடங்கியது. பிறகு அவள் எழுந்து, ஊற்றி, ஒரு வாய் குடித்தாள்.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அவர்தான்…"

அழுதுகொண்டே முழுவதையும் குடித்தாள், ஒரு சொட்டு விடாமல். கடைசியில் கேட்டாள், "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாளே. துண்டுன்னு சொன்னீங்கல்ல… அப்பவே."

"இத்தனை வாரமா நான் தவிச்சதப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்களா?"

"சொல்லிட்டா அப்புறம் எந்தச் சாக்குல வர்றதுன்னு தெரியலங்க. உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதுக்காக அவர உங்ககிட்டயிருந்து ஒளிச்சு வச்சேன். மன்னிக்கவே வேண்டாம். போயிடறேன்."

எழுந்து கதவு வரை போய்விட்டான்.

"கோவம் கோவமா வருது உங்க மேல," என்றாள் பின்னாலிருந்து. "நீங்க சொல்லாமயே இருந்திருந்தா… நான் தேடிக்கிட்டேதான் இருந்திருப்பேன். உங்ககூட. அதுல எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. அத நினைச்சா என் மேலயும் கோவம் வருது."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெரிய கண்களில் நீர் நிற்காமல் வழிந்தது.

"இன்னிக்கு என்னால அவருக்காக அழ மட்டும்தான் முடியும்," என்றாள். "அடுத்த ஞாயிறு வாங்க. சாக்கு எதுவும் வேண்டாம்… சும்மா வாங்க."