பதினைந்து விநாடி

கோச்சடையில் நாகஜோதியின் கடைக்குள் வந்த மலையம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. ஆலை மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களைப் பொருத்தி, பழுதும் பார்க்கும் கடை அது.

“எம் புருசன் சோணைக்கு வலது கை போயிருச்சுக்கா” என்றாள். “கப்பலூர்ல, நீங்க டிரைவ் மாட்டுன பஞ்சு மில்லுலதான். அடைப்பெடுக்கக் கைய விட்டாரு. உள்ள முள்ளு உருளை சுத்திக்கிட்டிருந்திருக்கு. பச்சை விளக்கு எரிஞ்ச பொறகுதான் கதவத் திறந்தேங்கிறாரு. குடிச்சிட்டு வந்தாருன்னு மில்லுல எழுதிட்டாக. நாளைக்கு விசாரிக்க அதிகாரி வாராக.”

“குடிப்பாரா?”

“வாசனைகூட ஆகாது. அங்க சூப்பர்வைசர் தங்கப்பாண்டி என் கூடப்பொறந்த அண்ணன். அவனக் கேளுங்க.”

நாகஜோதி கருவிப் பையை எடுத்தாள். எந்திரத்தை நிறுத்தினால் அந்த உருளை பதினைந்து விநாடியில் நிற்க வேண்டும். கதவைத் திறக்கலாம் என்று இருபதாவது விநாடியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் அப்படி அமைத்தவள் அவள்தான்.

“நிக்கிற நேரத்த யாரோ மாத்திட்டாங்கக்கா!” என்றாள் கூட்டாளி அஸ்வினி, வழியெல்லாம்.

வெள்ளிக்கிழமை விபத்துக்குப் பிறகு அந்த எந்திரம் ஓடவில்லை. முதலாளி ராதாகிருஷ்ணன் தலையசைக்க, தங்கப்பாண்டி அதை ஓட்டி நிறுத்தினார். இரும்புக் கூட்டுக்குள் உருளையின் உறுமல் தேய்ந்து அடங்கியது. சரியாகப் பதினைந்து விநாடி. பிறகு பச்சை எரிந்தது. அஸ்வினியின் முகம் வாடியது.

“யாரும் கை வைக்கல மேடம்” என்றார் தங்கப்பாண்டி. “ரெசிஸ்டரும் நீங்க மாட்டுன அதே பழசுதான்.”

நாகஜோதி டிரைவ் பெட்டியைத் திறந்தாள். ஒயர்கள் மேலெல்லாம் விரல் கனத்துக்குப் பஞ்சுத்தூசி. டிரைவின் திரையில் பழைய கோளாறுகளின் பட்டியலைப் பார்த்தாள். பெட்டியை மூடாமலே திரும்பினாள்.

“ரெசிஸ்டரப் பத்தி நான் கேக்கவே இல்லையே?”

தங்கப்பாண்டியின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

“வேகமா சுத்துற உருளையச் சட்டுனு நிறுத்துனா, அந்த வேகம் கரண்டாத் திரும்பி டிரைவுக்கு வரும் சார்” என்று முதலாளியிடம் சொன்னாள். “அத வாங்கி எரிக்கிறது ரெசிஸ்டர். அது கெட்டா, நிறுத்தும்போதெல்லாம் டிரைவ் டிரிப் ஆகி அணைஞ்சிரும். மூணு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு நாள்ல ஒம்பது தடவ ஆயிருக்கு. அதோட நின்னுருச்சு.”

“அப்பவே புது ரெசிஸ்டர் மாட்டியிருப்பாங்கக்கா” என்றாள் அஸ்வினி.

“மாட்டியிருந்தா அதுமேல மூணு வாரத் தூசி இருக்கணும். தொட்டுப் பாரு.”

அஸ்வினி விரலை நீட்டினாள். துடைத்து வைத்த பாத்திரம் போலிருந்தது அது.

“விபத்துல எந்திரம் நின்ன பொறகு மாட்டுனது. அப்ப மூணு வாரம் ரெசிஸ்டரே இல்லாம, டிரிப்பும் ஆகாம எப்படி ஓடுச்சு? மெதுவா நின்னா அந்தக் கரண்டு திரும்பாது; நிக்கிற நேரத்தக் கூட்டுனா மட்டுந்தான் முடியும். எம்புட்டு வச்சீங்க அண்ணே?”



“தொண்ணூறு” என்றார் தங்கப்பாண்டி. “புதுசு வர்ற வரைக்கும் ஓட்டலாம்னு நெனச்சேன். விளக்குக்குத் தனி டைமர்ங்கிறது நெனப்புலயே இல்ல. அது இருபதுலயே எரிஞ்சிருக்கு. ரெசிஸ்டர் சனிக்கிழமை காலையில வந்துச்சு, மாட்டிட்டு நேரத்தப் பழையபடி பதினஞ்சாக்கிட்டேன் மேடம். ஒரே நாள் முந்தி வந்திருந்தா…”

“குடிச்சிருந்தான்னு நீதானய்யா என்கிட்ட சொன்ன?” ராதாகிருஷ்ணன் கத்தினார்.

“நாந்தான் சார்” என்றார் தங்கப்பாண்டி.

மறுநாள் அதிகாரி முன்னால், தங்கை பார்த்திருக்க, அவர் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அவர் எழுதி முடித்ததும் மலையம்மாள் எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

“கண்டுபிடிச்சிட்டோம்ல அக்கா!” என்றாள் அஸ்வினி.

“பாதிதான். உருளை நின்னுச்சான்னு பாக்காம, கடிகாரத்த நம்பி எரியுற மாதிரி அந்த விளக்குக்கு ஒயர் இழுத்தது யாரு? நான்தான்.” நாகஜோதி வண்டியைக் கிளப்பவில்லை. “இதே மாதிரி எத்தன மில்லுல மாட்டியிருக்கோம்?”

அஸ்வினி விரல்விட்டு எண்ணினாள். பாதியில் அவள் குரல் இறங்கியது.

“பதினொண்ணு.”

“ஒவ்வொண்ணாப் போன் போடு. நாம வர்ற வரைக்கும் எவனும் கதவத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு.”

முதல் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.