மிஞ்சிய ஒரு கையெழுத்து

மதியம் இரண்டு மணி. அலுவலகத்தில் தேர்தல் அதிகாரியின் கண்முன்னாலேயே நர்ஸ் பெட்டியைப் பிரித்தாள். முந்தின நாள் மாலை அவளும் தம்பியும் பேக்கரிக்காரரும் சேர்ந்து ஒட்டிய நாடா கொஞ்சமும் பிரியவில்லை. உள்ளே நாலாயிரம் பேருடைய கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

'படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கச் சட்டம் வேண்டும்' என்று அச்சடித்த கோரிக்கை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கட்டங்கள் எல்லாம் காலி. நடுவில் ஒரு தாளில் மட்டும் பளிச்சென்று நீல மை. அது அவளுடைய தம்பி போட்ட கையெழுத்து.

அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் விதி அவரைவிடப் பெரியது. ஐந்து மணிக்குள் கையெழுத்துகளோடு வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இன்று விட்டால் இந்தத் தேர்தலுக்குச் சட்டம் வராது. போன தடவை அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போய், வாக்குச்சாவடிப் படிக்கட்டில் ஏற்ற முடியாமல் திரும்பினார்கள். அடுத்த தேர்தல்வரை அவர் இருப்பாரா என்று ஒரு நர்ஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி இரவு முழுக்க இருந்தது பேக்கரியில். முதல் தடவை சேர்த்த மனுவெல்லாம் ஒழுகும் கூரைக்குக் கீழே நனைந்து மை கரைந்துபோனது. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். மழையில் பட்ட இவர்கள் நேராக அடுப்படிக்கே போனார்கள். இப்போது நர்ஸ் பெட்டியோடு அந்த பேக்கரிக்கு ஓடினாள்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்" என்றார் பேக்கரிக்காரர்.

"பெட்டிய யாராவது எறக்கினாங்களா?"

"அடுப்புக்கு மேல் தட்டுல வச்சது வச்சபடிதான் இருந்துச்சு. என்னைச் சந்தேகப்பட்டா பட்டுக்கோம்மா, என்ன பண்றது."

அவர் முகம் தொங்கிவிட்டது. தாளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து விரலால் தடவினாள். காலிக் கட்டங்களில் பேனா அழுத்திய பள்ளம் தட்டுப்பட்டது. தாள் அதேதான், மைதான் போயிருக்கிறது.

மேல் தட்டில் கைவைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஹீட்டர் மேல் மறந்து வைத்த நோயாளிச் சீட்டு ஒரு நாள் வெள்ளையாகிப் போனது. எழுதியதை அழிக்கிற புதுவகைப் பேனா அது, சூடு பட்டால் மை மறையும். தலைமை நர்ஸ் அன்றைக்கே அந்தப் பேனாக்களைக் குப்பையில் போட்டாள். பையில் கிடந்த மனுப் பேனாவால் நர்ஸ் ஒரு கோடு கிழித்து அடுப்பருகே பிடித்தாள். கோடு காணாமல் போனது.

"இந்தத் தட்டை யாருண்ணே காட்டினது?"

பேக்கரிக்காரர் தயங்கினார். "உன் தம்பிதாம்மா."

மழையில் கரையாது என்று சொல்லி, அத்தனை பேனாக்களையும் இலவசமாகக் கொண்டுவந்தவனும் அவன்தான். கூப்பிட்டதும் வந்தான். கவுன்சிலரிடம் தற்காலிக டிரைவர், அந்தக் காரிலேயே வந்தான்.

"எல்லாரும் நீ குடுத்த பேனாவுலதான் போட்டோம்" என்றாள். "நீ மட்டும் உன் சட்டைப்பைப் பேனாவுல போட்டிருக்க. எல்லாம் போகும்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தேர்தலன்று தன் கார் ஏற்றிப் போகிற, தனக்கே விழுகிற படுக்கையாளர் ஓட்டு மட்டும் போதும், மற்றவை வீட்டிலேயே கிடக்கட்டும் என்பது கவுன்சிலர் கணக்கு. பேனாவும் யோசனையும் அவர் தந்தவை, கூலி நிரந்தர வேலை.

"அப்புறம் உன் கையெழுத்த மட்டும் எதுக்குடா விட்டு வச்ச?"

"அப்பாவுக்காக என் பேராவது நிக்கட்டும்னு தோணுச்சுக்கா."

அவளுக்கு அடிக்கவும் கை வரவில்லை, அழவும் வரவில்லை. குளிரில் வைத்தால் இந்த மை திரும்பும் என்று தெரியும். கேக் வைக்கிற ஃப்ரீசரைக் காலிசெய்து மூவரும் தாள்களைப் பரப்பினார்கள். அதிகாரிக்குப் போன் செய்தாள். போய்ப் போய் வருகிற மையை வாங்கிக்கொண்டால் என் வேலை போய்விடும் என்றார் அவர், குரல் தாழ்ந்து.

ஐந்து அடித்து வெகுநேரம் கழித்து அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். பெயர்கள் மங்கலாக எழுந்துகொண்டிருந்தன. தேடி எடுத்தாள். வலது கை விழுந்துவிட்டதால் அப்பா இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணலாகப் போட்ட கையெழுத்து. ஓர் எழுத்து குறையாமல் திரும்பி வந்திருந்தது.

"அப்பாகிட்ட என்னக்கா சொல்றது?" என்றான் தம்பி.

வெளியே வைத்தால் மறுபடி போய்விடுமோ என்று பயந்து, அவள் அந்தத் தாளைத் திரும்ப உள்ளேயே வைத்து மூடினாள்.